எட்டாங்கிளாஸ் ஜியாகிரஃபி: அஞ்சு கருப்பொருளையும் நம்ம குமரி மாவட்டத்த வெச்சே சொல்லிக்குடுக்க முடியுமா?

ஜூன் 9, சாயங்காலம் (கேள்வி)

மக எட்டாங்கிளாஸ் படிக்கா. புவியியலோட அடிப்படைக் கருப்பொருள்னு அஞ்சு எழுதிக் குடுத்துருக்காங்க: அமைவிடம், இடம், மனிதனும் சுற்றுச்சூழலும், நகர்வு, வட்டாரம். உதாரணம் முழுசும் வெளிநாடு. ராத்திரி முழுக்க ஒப்பிக்கா, "அமைவிடத்துக்கும் இடத்துக்கும் என்ன வித்தியாசம் மக்கா"ன்னு கேட்டா முழிக்கா. ஜியாகிரஃபி மனப்பாட சப்ஜெக்ட்தானே, இதுக்கு மேல என்னத்த சொல்லிக்குடுக்க? மார்த்தாண்டம் பக்கம் எங்க வீடு.

ஜூன் 9, ராத்திரி

மனப்பாட சப்ஜெக்ட் இல்லக்கா. அப்படி ஆக்கி வெச்சிருக்கோம், அது வேற. நான் தக்கலை பக்கம் டியூஷன் எடுக்கேன், வருஷா வருஷம் இதே கேள்வி வரும், அதனால தெரிஞ்சத எழுதுகேன்.

இந்த அஞ்சும் 1984-ல அமெரிக்காவுல ரெண்டு புவியியல் அமைப்புங்க சேர்ந்து பள்ளிக்கூட வாத்தியாருங்களுக்காகப் போட்ட வழிகாட்டில வந்தது. ஊர், தலைநகரம், ஆறுன்னு பட்டியல் ஒப்பிக்கறத விட்டுட்டு பிள்ளைங்க கேள்வி கேக்கணும்னுதான் அத எழுதினாங்க. அது எங்க இருக்கு, அங்க போனா எப்படி இருக்கும், அங்க உள்ள ஆளுங்களும் மண்ணும் ஒண்ணையொண்ணு என்ன செய்யுது, அங்க இருந்து என்ன போகுது என்ன வருது, அது எதோட சேர்ந்தது. இந்த அஞ்சு கேள்விதான் அந்த அஞ்சு தலைப்பு. எந்த ஊரப் பத்தியும் கேக்கலாம், உங்க வீட்டுக்குப் பின்னால உள்ள குளத்தப் பத்தியும் கேக்கலாம்.

அமைவிடத்துல தொடங்குங்க, அதுதான் சுலபம்.

ஜூன் 10, காலைல

அமைவிடம் ரெண்டு வகை. ஒண்ணு அட்சக்கோடு தீர்க்கக்கோடு, கன்னியாகுமரி சுமாரா 8 டிகிரி 4 நிமிஷம் வடக்கு, 77 டிகிரி 33 நிமிஷம் கிழக்கு. இன்னொண்ணு சார்பு அமைவிடம், அதாவது "தக்கலைக்கு மேக்க, குழித்துறைப் பாலம் வாறதுக்கு முன்னால"ன்னு நாம தெனமும் வழி சொல்லுறது. முதல் வகைய வெறும் நம்பராச் சொன்னா பிள்ளைக்கு ஒட்டாது. ஒரு டிகிரி அட்சத்துக்குத் தரையில சுமார் 111 கிலோமீட்டர், அப்போ உங்க வீட்டுல இருந்து நேர் தெக்க பூமத்திய ரேகைக்கு 900 கிலோமீட்டருக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான். இதச் சொன்னா எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உக்காரும்.

இன்னொண்ணு இப்பவே செய்யலாம், ஜூன் மாசந்தான் அதுக்கு ஏத்த நேரம், மழை விட்டு வெயில் அடிக்கற ஒரு நாள் பாத்து முத்தத்துல ஒரு மீட்டர் கம்பு ஒண்ண நட்டக்குத்தற நட்டு மத்தியானம் நெழல அளக்கச் சொல்லுங்க. ரெண்டு விஷயம் பிடிபடும். நெழல் குறைஞ்சு நிக்கற நேரம் 12 மணி இல்ல, சுமார் 12.20. ஏன்னா நம்ம கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கக்கோட்டுக்கு ஓடுது, நாம அதுக்கு 5 டிகிரி மேக்க இருக்கோம், டிகிரிக்கு 4 நிமிஷம். ரெண்டாவது, நெழல் தெக்க விழும், ஒரு மீட்டர் கம்புக்கு ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, ஒரு 27 சென்டிமீட்டர். சூரியன் நமக்கு வடக்க நிக்கி. ஏப்ரல் ரெண்டாவது வாரத்துல உச்சந்தலைக்கு மேல வந்துட்டு வடக்க போனது, திரும்பி ஆகஸ்ட் கடைசி செப்டம்பர் தொடக்கத்துல மறுபடி தலைக்கு மேல வரும். நம்ம அட்சக்கோடு 8 டிகிரிங்கறது இந்த நெழல்லதான் இருக்கு, புஸ்தகத்துல இல்ல.

ஜூன் 10, மத்தியானம்

சார்பு அமைவிடத்துக்கு எனக்குத் தெரிஞ்சு ஒலகத்துலயே நல்ல உதாரணம் நம்ம கடற்கரைலதான் இருக்கு. குளச்சல் பக்கம் கடலுக்குப் போய்ட்டிருந்த ஒரு பெரியவர்ட்ட கேட்டேன், ஜிபிஎஸ் வாறதுக்கு முன்னால கடலுக்கடியில கெடக்க பாரை (மீன் அடையற பாறைக் கூட்டம்) எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு. அவர் காலுக்கடியில ஈரமணல்ல வெரலால கீறிக் காட்டினாரு. கரையில கிட்டத்துல தெரியற கோயில் கோபுரத்தையும் அதுக்குப் பின்னால தூரத்துல தெரியற மலை உச்சியையும் ஒரே நேர்ல வாற மாதிரி வள்ளத்த நகத்தணும், அது ஒரு கோடு. அப்புறம் கழுத்தத் திருப்பி வேற திசைல இன்னொரு மலை, இன்னொரு அடையாளம், அது நேரா வாற வரைக்கும் முதல் கோட்டுலயே போகணும். ரெண்டு கோடும் வெட்டற எடத்துல பார். எங்க அப்பா காட்டித் தந்த பாருன்னு அவர் ஒண்ணொண்ணுக்கும் அடையாளம் சொன்னாரு, ஒரு காகிதம் கெடயாது, எல்லாம் மனசுல.

சர்வே பண்ணுறவங்க செய்யறதும் இதேதான். டியூஷன்ல பிள்ளைங்களக் கூட்டிட்டு மாடிக்குப் போய் வேளிமலையையும் ஒரு செல்போன் டவரையும் வெச்சு இத செஞ்சு பாத்தோம், அதுக்கப்புறம் யாரும் அமைவிடம்னா என்னன்னு எங்கிட்ட கேக்கல.

ஜூன் 11

ஒருத்தர் "இந்தியாவோட தென்கோடி நம்ம ஊரு, அத முதல்ல சொல்லிக்குடுங்க"ன்னு எழுதியிருக்காரு. நிலப்பரப்போட தென்கோடி நம்மது, சரி. இந்தியாவோட தென்கோடி கிரேட் நிக்கோபார்ல உள்ள இந்திரா முனை, அது இன்னும் தெக்க, 6 டிகிரி 45 நிமிஷத்துல இருக்கு. பரீட்சைல இந்த "நிலப்பரப்பு"ங்கறத விட்டு மார்க்கு போற பிள்ளைங்க நெறய.

அதே மாதிரி தாமிரபரணி. நம்ம தாமிரபரணி வேற, திருநெல்வேலி தாமிரபரணி வேற. நம்மது குழித்துறை வழியா மேக்க ஓடி தேங்காப்பட்டணத்துல அரபிக்கடல்ல சேருது, அது கெழக்க ஓடி புன்னக்காயல்ல மன்னார் வளைகுடாவுல சேருது. மேப்ல ரெண்டையும் ஒரே கோடா வரைஞ்ச பிள்ளைய நான் பாத்திருக்கேன், அந்த ஆறு மலைய ஏறிக் கடந்து போச்சு.

ஜூன் 11, ராத்திரி

அந்த அம்மா மறுபடி கேக்காங்க, அமைவிடம் சரி, அப்போ "இடம்"னா என்னன்னு.

மணக்குடியச் சொல்லிக்குடுங்க. பழையாறு கடல்ல சேருற ஊரு, கரைக்கு ரெண்டு பக்கமும் மேலமணக்குடி, கீழமணக்குடி, நடுவுல பாலம். 2004 டிசம்பர் 26 காலைல அந்தப் பாலத்த சுனாமி பிச்சு எறிஞ்சுது. ஒரு நாள் முன்னால வரைக்கும் அஞ்சு நிமிஷத்துல போய்வந்த சொந்தக்காரங்க வீட்டுக்குச் சுத்திப் போக வேண்டியதாச்சு. எத்தனையோ குடும்பம் கரைய விட்டு உள்ள தள்ளிக் கட்டின வீட்டுக்குப் போச்சு, புதுப் பாலம் பின்னால வந்துது. அட்சக்கோடு தீர்க்கக்கோடு அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான், இம்மி நகரல. ஆனா அந்த இடம் பழைய இடமில்ல. மண், கடல், மரம், வீடு, பேச்சு, பயம், கோயில் கொடை, பள்ளித் திருநாள் (சர்ச் திருவிழா), எல்லாம் சேர்ந்ததுதான் இடம். பிள்ளைட்ட இத சொல்லும்போது மெதுவாச் சொல்லுங்க, எங்க கிளாஸ்ல அந்தக் கடல்ல ஆள் போன வீட்டுப் பிள்ளைங்களும் இருப்பாங்க.

ஜூன் 12, காலைல

சுனாமி இல்லாம சந்தோஷமாவும் சொல்லலாம். பஸ்ல ஜன்னல் சீட்டு பிடிச்சுக் குடுத்து மார்த்தாண்டத்துல இருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. முதல்ல செம்மண்ணு, ரப்பர், தென்னை, மரச்சீனி, வீடெல்லாம் மேடும் பள்ளமுமா தனித்தனிப் பறம்புல. நாகர்கோவில் கிட்ட வாறப்போ தரை சமமாவும், வயலும் குளமும் வரும், வீடுங்க ஒண்ணோடொண்ணு ஒட்டி தெருவா நிக்கும். தோவாள தாண்டினா காத்து மொகத்துல அடிக்கும், பச்ச கொறையும், முப்பந்தல் காத்தாடிங்க வரிசையா தெரியும். சின்ன மாவட்டம், 1,700 சதுர கிலோமீட்டர் கூட இல்ல, அதுக்குள்ள இத்தன. காரணம் மலை. தென்மேற்குப் பருவக்காத்து மழைய மேக்கப் பக்கம் கொட்டிட்டு, மலைக்கு நடுவுல உள்ள கணவாய் வழியா நெருக்கிப் பிடிச்சு வெளிய பாயுது, அதான் அங்க காத்து மட்டும் மிச்சம். மேக்க உள்ளவன் ஜூன்ல குடை பிடிக்கான், அதே நேரம் ஆரல்வாய்மொழில புழுதி பறக்கும். அக்டோபருக்கு மேல வடகிழக்கு மழை ரெண்டு பேருக்கும் கெடைக்கும்.

ஜூன் 12, ராத்திரி

யோசிச்சுப் பாத்தா அமைவிடத்துல தொடங்கச் சொன்னதவிட வெள்ளத்துல (எங்க பேச்சுல வெள்ளம்னா தண்ணி) தொடங்கறதுதான் நம்ம மாவட்டத்துக்குப் பொருத்தம்னு தோணுது. ஒரு பையன்ட்ட "உங்க வீட்டுக்கு வெள்ளம் எங்க இருந்து வருது"ன்னு கேட்டேன். டேங்க்ல இருந்து சார்ன்னான். டேங்குக்கு? கிணத்துல இருந்து. கிணத்துக்கு? யோசிச்சான். "சானல் (பாசனக் கால்வாய்) அடைச்சா எங்க கிணத்துல வெள்ளம் எறங்கிப் போவும் சார், அப்போ சானல்ல இருந்து." சானலுக்கு? பேச்சிப்பாறை. பேச்சிப்பாறைக்கு? மலை. மலைக்கு? மழை. மழைக்கு? கடல்னு சொல்லி நிறுத்தினான், சொல்லிட்டு அவனே மேக்க திரும்பிப் பாத்தான். அஞ்சு கருப்பொருளும் அந்த ஒரு சங்கிலில வந்துட்டுது, ஒண்ணுக்கும் பேரு சொல்லாம.

மனிதனும் சுற்றுச்சூழலும்ங்கற தலைப்புக்கு இதுக்கு மேல உதாரணம் தேட வேண்டாம். பேச்சிப்பாறை அணை 1906-ல முடிஞ்சுது, திருவிதாங்கூர்ல மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டின இன்ஜினியர் மிஞ்சின் துரையோட கல்லறையும் அணை பக்கத்துலதான் இருக்கு. அதுக்கு ரொம்ப காலம் முன்னாலயே பொன்மனையில பாண்டியன் அணை, அங்க இருந்து பாண்டியன் கால் வழியா பறளியாத்து வெள்ளத்த பழையாத்துப் பக்கம் திருப்பினாங்க, ஒரு ஆத்து வெள்ளத்த இன்னொரு ஆத்துக்கு. நாஞ்சில்நாட்டு வயல் கன்னிப்பூ கும்பப்பூன்னு ரெண்டு பூ (போகம்) விளைஞ்சது அந்த வெள்ளத்தாலதான். 1966-ல மாத்தூர் தொட்டிப்பாலம், பள்ளத்தாக்குக்குக் குறுக்க 115 அடி உயரத்துல ஆத்துக்கு மேல வெள்ளம் நடந்து போகுது. தொட்டிப்பாலத்துக்குச் செல்ஃபி எடுக்க எல்லாரும் போறோம், தொட்டிக்குள்ள எட்டிப் பாத்து "இது எங்க இருந்து எங்க போகுது"ன்னு பிள்ளைட்ட ஒரு தடவ கேளுங்க.

ஜூன் 13

"மனுஷன் இயற்கைய மாத்தினான்னு மட்டும் எழுதினா மார்க்கு வருமா?" பாதிதான் வரும். தலைப்புல மூணு பங்கு இருக்கு: மனுஷன் சூழல நம்பி இருக்கான், அதுக்கு ஏத்தாப்புல தன்ன மாத்திக்கிடுகான், சூழலயும் மாத்துகான்.

ரப்பர எடுத்துக்கிடுங்க. வெயிலும் மழையும் கலந்து வருஷம் பூரா ஈரம் இருக்கறதால நம்ம மேக்கப் பக்கம் ரப்பர் வருது, தமிழ்நாட்டுல இவ்வளவு ரப்பர் வேற மாவட்டத்துல கெடயாது. இது நம்பி இருக்கறது. பால்வெட்டு விடிகாலைல தொடங்கறதும், மழைக்காலத்துல வெட்டுற பட்டைக்கு மேல பிளாஸ்டிக் பாவாட கட்டறதும் ஏத்தாப்புல மாறுறது. வயல மண்ணு போட்டு நிரத்தி ரப்பரும் வாழையும் வெச்சது, அப்புறம் அதையும் அழிச்சு வீட்டு மனை ஆக்கினது, நாலுவழிச்சாலைக்குக் குளத்துல மண்ணு தட்டினது, இதெல்லாம் மாத்துறது. மூணுக்கும் பலன் திரும்பி நமக்கே வரும், குளம் போனா பக்கத்துக் கிணறு சொல்லும்.

கடற்கரைல இன்னும் நல்லா தெரியும். கடலரிப்ப தடுக்க தூண்டில் வளைவு போடுறாங்கல்லா, கல்லடுக்கிக் கடலுக்குள்ள நீட்டினது. கரையோரமா ஓடுற நீரோட்டம் மணலயும் தூக்கிட்டுத்தான் போகும், கல்லு குறுக்க நின்னா ஒரு பக்கம் மணல் சேரும், அடுத்த பக்கத்து ஊருக்கு வரவேண்டிய மணல் வராது, அங்க கடல் கரையத் தின்னும். அந்த ஊரும் வளைவு கேக்கும். அதுக்கடுத்த ஊரும் கேக்கும். யாரையும் குத்தம் சொல்ல முடியாது, வாசப்படி வரைக்கும் கடல் வந்தா கேக்கத்தான் செய்வாங்க. ஆனா ஒரு ஊருக்குன்னு தனியா கரை கெடயாது, இது எனக்கு ரொம்ப மனசுல உறுத்துற விஷயம்.

ஜூன் 13, கொஞ்சம் கழிச்சு

மணல்னு சொன்னதும் மணவாளக்குறிச்சி ஞாபகம் வருது. அங்க கரை ஏன் கறுப்பா இருக்குன்னு பிள்ளைங்க கேக்கும். மலைப் பாறை தேஞ்சு ஆத்துல வந்து, கடலலை லேசான மணல இழுத்துட்டுப் போய் கனமானத கரைல விட்டுட்டுப் போகுது, இல்மனைட்டு, மோனசைட்டு இதெல்லாம். கன்னியாகுமரில செவப்பா தெரியறது கார்னெட்டு. மோனசைட்டுல தோரியம் இருக்கறதாலதான் 1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர் இங்க தேடி வந்தத பெருசாச் சொல்லுவாங்க, அப்போ தோரியம் கேஸ் விளக்கு மேன்டிலுக்கு வேணும். நகர்வுங்கற தலைப்புக்கு முதல் உதாரணம் இதுதான் நான் சொல்லுவேன். மனுஷன் நகரும் முன்னால மண்ணு நகருது.

ஜூன் 14, ராத்திரி

நகர்வுன்னா பஸ் ரயில்னு எழுதிட்டு வந்துருவாங்க. ஆள், சரக்கு, சேதி மூணும் நகரும். ஆள்: நம்ம ஊர்ல கல்ஃபுல ஆள் இல்லாத தெரு எது? சரக்கு: விடியறதுக்கு முன்னால தோவாளச் சந்தைல கட்டின பூ கேரளாவுக்குப் போகுது, ஓணம் நேரத்துல கேக்கவே வேண்டாம். தூத்தூர் பக்கத்து ஆளுங்க வாரக்கணக்குல ஆழ்கடல்ல தங்கி மீன் பிடிப்பாங்க, கொச்சிலயும் அதுக்கு மேலயும் போய்க் கரை சேர்ப்பாங்க.

சேதிய மறந்துராதீங்க. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் வந்தப்போ பலர் கரைல இருந்து பல நாள் தூரத்துல இருந்தாங்க. காத்து அங்க போய்ச் சேந்துது, எச்சரிக்கை போய்ச் சேரல. திரும்பி வராத ஆளுங்க எத்தன பேரு. நகர்வுங்கற பாடத்த நடத்தும்போது நான் எப்பவும் இதச் சொல்லுவேன், சேதி நகராத எடத்துல ஆள் சாவான்.

ஜூன் 15

ஒரு தம்பி கேட்டிருக்கான், "இந்த அஞ்சும் நம்ம ஐந்திணைதானே? குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் எல்லாம் குமரில இருக்கே." இல்ல தம்பி. திணைங்கறது அஞ்சு வகை நிலம், இது ஒரே நிலத்துட்ட கேக்குற அஞ்சு கேள்வி. ஆனா திணை நமக்கு இங்க ஒரு எடத்துல நல்லாவே உதவும், வட்டாரத்துக்கு. நிலமும் பொழுதும், அங்க உள்ள மரமும் மீனும் தொழிலும், அதுல பொறக்கற வாழ்க்கையும்னு அடுக்கி நிலத்தப் பிரிச்சாங்கல்லா, வட்டாரம் பிரிக்கறதுன்னா அதுதான் வேலை. பேச்சிப்பாறை மலை, நாஞ்சில்நாட்டு வயல், குளச்சல் கரைன்னு பிள்ளைங்கள பிரிக்கச் சொல்லுங்க, நடுவுல எங்க கோடு போடன்னு சண்டை வரும். வரட்டும், சண்டை வந்தாத்தான் பாடம் ஏறும்.

ஜூன் 15, ராத்திரி

வட்டாரந்தான் அஞ்சுலயும் கஷ்டம், நம்ம மாவட்டத்துப் பிள்ளைக்கு அதுதான் சுலபமாவும் இருக்கணும். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர்-கொச்சில இருந்தோம். அகஸ்தீஸ்வரம், தோவாள, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் அன்னைக்கு தமிழ்நாட்டுப் பக்கம் சேந்துது, மார்ஷல் நேசமணி தலைமைல பெரிய போராட்டம் நடந்து, உயிர் போயி, அப்புறம் வந்தது. இது நிர்வாக வட்டாரம், தாளுல கோடு இருக்கும்.

ஆனா ரயிலப் பாருங்க. மாவட்டம் சேந்து 23 வருஷம் கழிச்சு, 1979-ல ரயில் வந்தப்போ அது திருவனந்தபுரத்துல இருந்துதான் வந்துது, திருநெல்வேலிக்கு லைன் 1981-லதான். இன்னைக்கும் நாகர்கோவில் ஜங்ஷன் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்துலதான் இருக்கு. செயல்பாட்டு வட்டாரம்னா இதுதான், கோடு வேற, ஓட்டம் வேற. கேரள எல்லைல களியக்காவிளைல இருக்கவனுக்கு ஏர்போர்ட் எதுன்னு கேட்டுப் பாருங்க.

மூணாவது, மனசுல உள்ள வட்டாரம். நாஞ்சில்நாடு எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு ஒரு கெசட்லயும் தேட வேண்டாம், பார்வதிபுரத்துக் கெழவிட்ட கேளுங்க, ஒரு பதில் சொல்லுவா. வில்லுக்குறிக்காரன் வேற சொல்லுவான். ரெண்டும் சரிதான். எதுக்காகப் பிரிக்கோம்ங்கறதப் பொறுத்து வட்டாரம் மாறும், அத ஒரு பிள்ள புரிஞ்சுக்கிட்டா மாநிலம், நாடு, மொழின்னு பெரியவங்க அடிச்சுக்கிடற விஷயத்தக் கூட நிதானமாப் பாக்கும்னு நான் நெஜமாவே நம்புகேன்.

ஜூன் 17

பரீட்சைக்கு எப்படி எழுதன்னு அந்த அம்மா கேட்டுருக்காங்க. அஞ்சு மார்க்குன்னா ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வரி விளக்கம், ஒரு வரி உதாரணம். உதாரணம் நம்ம ஊராவே இருக்கட்டும், பெருஞ்சாணி அணையும் முப்பந்தலும் எழுதின பிள்ளைக்கு யாரும் மார்க்கு வெட்டல. ஆனா அமைவிடத்துக்கும் இடத்துக்கும் ஒரே உதாரணத்த எழுத வேண்டாம், திருத்துறவங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சு எழுதினதா பாக்கத் தோணாது.

மேப் வேணும்னு கேட்டவங்களுக்கு: இந்திய சர்வே துறையோட ஓபன் சீரிஸ் மேப்ப அவங்க சைட்ல காசில்லாம இறக்கலாம். 50,000-ல ஒண்ணு அளவு, அதாவது மேப்ல ரெண்டு சென்டிமீட்டர்னா தரையில ஒரு கிலோமீட்டர். உங்க பக்கத்து ஷீட்ட கடைல பெருசா பிரின்ட் போட்டு, சானல நீலப் பேனாவால பேச்சிப்பாறை வரைக்கும் பிள்ளையே பின்னால தேடிட்டுப் போகட்டும், நீங்க பேனாவத் தொடாதீங்க.